நாமா, நாங்களா? இலங்கைத் திருச்சபைகளில் மன்னிப்பு எனும் சொல்லின் வரலாறு, 1956–2023

1983 யூலைக் கலவரத்தில் வீடிழந்த கொழும்புத் தமிழர் பலர் இரத்மலானை விமான நிலையத்தின் கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். விமானம் நிறுத்துகிற சீமெந்துத் தரையில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துக் கிடந்தார்கள். கொழும்பு முகாம்களில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். இரத்மலானை வழியே போகும் காலி வீதி நெடுகிலும் தேவாலயங்கள் உண்டு. அவற்றுள் பல, சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் வெவ்வேறு மணிக்குத் தொழுகிற ஆலயங்கள். கடவுளுக்கு முன் ஒன்றாக நின்ற ஒரு சமூகம் அரசியலால் பிளவுபட்டபோது, அதன் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல் எப்போது, யாரை நோக்கி, எந்த 'நாம்' சார்பில் வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்தப் பிளவு கலவரத்தோடு தொடங்கியதன்று. இரத்மலானைக்குப் பக்கத்திலுள்ள கல்கிசை சென் தோமஸ் கல்லூரி 1918 வரை முகத்துவாரத்தில் இருந்தது. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, எஸ்.ஜே.வி. செல்வநாயகம் இருவரும் அந்தக் காலத்து மாணவர்கள். ஒருவர் அங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து பௌத்தரானார், மற்றவர் கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்தார். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய பிறகு, 1957 யூலை 26இல், ஒருவர் பிரதமராகவும் மற்றவர் தமிழர் தலைவராகவும், இருவரும் ஒப்பந்தம் செய்தார்கள். அது 1958 ஏப்பிரலில் கிழித்தெறியப்பட்டது. ஒரே பள்ளிச் சிற்றாலயத்தில் செபித்த பழக்கம் ஒப்பந்தத்தைக் காப்பாற்றவில்லை.

திருச்சபைக்குள் மொழிச் சிக்கல் சத்தமில்லாமல் வந்தது. ஆங்கிலம் படித்தவர்கள் ஒன்றாக ஆராதித்த காலத்தில் இனம் மறைந்திருந்தது. சுயமொழிக் கல்வி வேரூன்ற வேரூன்ற அறிவிப்புப் பலகையில் சிங்கள ஆராதனைக்கு ஒரு நேரமும் தமிழுக்கு ஒரு நேரமும் எழுதப்பட்டன. இரத்மலானையில் உள்ள செவிப்புலனற்றோர், பார்வையற்றோர் பாடசாலை 1912இல் அங்கிலிக்கன் மிஷனரிகள் தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென அதன் வழியில் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956இல் வந்தது. சட்டத்தையும் பாடசாலையையும் ஒரே கயிற்றில் கட்ட நான் வரவில்லை. பிள்ளை தன் மொழியில் படிப்பது நல்லதுதான். ஆனால் பிளவு பெரும்பாலும் இப்படித்தான் வந்தது, சண்டையாக அல்ல, வசதியான ஏற்பாடாக. தமிழ் ஆராதனை முடிந்து வெளியே வருபவர்களும் சிங்கள ஆராதனைக்கு உள்ளே போகிறவர்களும் வாசலில் கைகுலுக்கிக்கொள்வார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் அரசியல் பேச எவருக்கும் நேரமிராது.

1983 யூலை 28 இரவு ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தன தொலைக்காட்சியில் பேசினார். சிங்கள மக்களின் மனத்தை ஆற்றுகிற பேச்சு அது. செத்தவர்களுக்கும் வீடிழந்தவர்களுக்கும் அனுதாபமாக ஒரு சொல் அதில் இல்லை. முந்திய நாள் வரை வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். அதே சிறையில் கத்தோலிக்கக் குருமார் இருவரும் மெதடிஸ்த போதகர் ஒருவரும் அடைபட்டு உயிர் தப்பியிருந்தார்கள்.

அவ்வேளை குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க இங்கிலாந்தில் இருந்தார். இருதய நோயாளி. சிவில் உரிமைகள் இயக்கத்தின் தலைவராக இருந்தவர். ரணில் விக்கிரமசிங்கவின் சிற்றப்பா என்றால் இன்றைய வாசகருக்கு உடனே புரியும். நாடு திரும்பியவர் செப்டெம்பரில் தம் மறைமாவட்ட சபைக்கு ஆற்றிய உரையை, இலங்கைக் கிறிஸ்தவ வரலாற்றின் மிக நேர்மையான ஆவணங்களில் ஒன்றென்று சொல்வேன். சிங்களவர் தற்காப்பற்ற தமிழர் மீது நடத்திய பெருந்தாக்குதலுக்கு ஒழுக்க நியாயம் எதுவுமில்லை. சிங்களவராகிய தாங்கள் அதை ஒப்புக்கொண்டு வெட்கப்பட வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். இது அவர் வாதத்தின் சாரம். என்னை அதிகம் நிறுத்தியது அவர் அடுத்து வைத்த நிபந்தனைதான். வெட்கத்துக்கும் சரியான காரணம் வேண்டும் என்றார். உலகத்தின் முன் நாட்டின் பெயர் கெட்டதென்றோ பொருளாதாரம் நட்டப்பட்டதென்றோ வெட்கப்பட்டால் அது போதாது. 1983 ஒக்டோபர் 23இல் அவர் காலமானார்.

இங்கே தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். எழுத்துத் தமிழிலோ 'நாம்' என்றால் கேட்பவரும் உட்பட்டவர். 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. ஆயரின் உரையைத் தமிழாக்குகிறவர் ஒவ்வொரு வரியிலும் தீர்மானிக்க வேண்டும். "நாம் வெட்கப்பட வேண்டும்" என்று எழுதினால் அடி வாங்கியவனையும் சேர்த்து வெட்கப்படச் சொன்னதாகிவிடும். "நாங்கள்" என்று எழுதினால்தான் அது மன்னிப்புக் கேட்பது. சமாதான மேடைகளில் இன்றுவரை ஒலிக்கும் "நாம் எல்லோரும் தவறிழைத்தோம்" என்ற வாக்கியத்தின் வழுக்கல் இதுதான்.

செப மொழியிலும் ஒரு வேறுபாடு உண்டு. புரொட்டஸ்தாந்தரின் தமிழ் வேதாகமத்தில் கர்த்தரின் செபம் கடன், கடனாளி என்ற சொற்களால் மன்னிப்பைப் பேசுகிறது. பழைய கத்தோலிக்கச் செபமோ 'பொறுத்தல்' என்கிறது. கடனை மன்னிக்கக் கணக்குத் தெரிய வேண்டும். பொறுத்தலில் சகித்துக்கொள்வதும் ஒளிந்திருக்கிறது. கணக்கை முதலில் கேட்டவர் ஒரு கத்தோலிக்கர் என்பது வரலாற்றின் குறும்பு. 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், அரச பதிவுகளையே வைத்துக் கழித்துப் பார்த்து, இறுதிப் போரில் கணக்கில் வராத 146,679 பேருக்கு என்ன நடந்ததென்று கேட்டார். மறு ஆண்டு ஜெனீவாவில் இலங்கை மீதான தீர்மானம் வந்தபோது அவரும் வடகிழக்குக் குருமாரும் அதை ஆதரித்துக் கடிதம் எழுதினார்கள். கொழும்பில் கர்தினால் மல்கம் ரஞ்சித் எதிர்த்தார். ஒரே திருப்பீடம், இரண்டு 'நாங்கள்'.

அமெரிக்காவிலும் கதை இதிலிருந்து தூரமில்லை. தென்னகப் பாப்திஸ்து மாநாடு 1845இல் அடிமை முறையைக் காக்கத் தனியே பிரிந்தது. அதற்காகக் கறுப்பினத்தவரிடம் மன்னிப்புக் கேட்க 1995 வரை, 150 ஆண்டு, எடுத்தது. 2016 தேர்தலில் வெள்ளை இவாஞ்சலிக்கல் வாக்காளரில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் டிரம்புக்கு வாக்களித்ததாகக் கருத்துக்கணிப்புகள் காட்டின. கறுப்பினக் கிறிஸ்தவர் பெரும்பாலும் மறுபக்கம் நின்றார்கள். மன்னிப்புக் கேட்டும் வாக்குப் பெட்டியில் பிளவு அப்படியே கிடந்தது.

2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனைப் பக்கம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. சீயோன் தமிழ் இவாஞ்சலிக்கல் சபை. ஞாயிறு பாடசாலை முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலர் செத்தார்கள். சில நாட்களில் அதன் போதகர், சபையின் பெயராலும் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்தின் பெயராலும், குண்டுதாரியையும் அவனை அனுப்பியவர்களையும் மன்னிப்பதாக அறிவித்தார். அவருடைய துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்காக இன்னொருவர் 'நாங்கள் மன்னிக்கிறோம்' என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது.

கர்தினாலும் 2020 உயிர்ப்புத் திருப்பலியில் தாக்கியவர்களை மன்னித்ததாகச் சொன்னார். பிறகு அவர் பேச்சு மாறியது: திட்டமிட்டவர் யார், முன்னெச்சரிக்கையைப் புறக்கணித்தவர் யார் என்று கேட்கத் தொடங்கினார். 2021 மார்ச்சில் கத்தோலிக்கர் கறுப்பு ஞாயிறு அனுட்டித்தார்கள். 2022 மார்ச்சில் அவர் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையில் பேசினார். பத்து ஆண்டுக்கு முன் மன்னார் ஆயர் தட்டிய கதவு. இதைச் சந்தர்ப்பவாதம் என்று தமிழர் சிலர் கசப்போடு சொல்வதுண்டு. சொந்த வீட்டில் இழவு விழுந்த பிறகு கணக்குக் கேட்கக் கற்றுக்கொண்டார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

2023 சனவரி 12இல் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே மாத இறுதியில் அவர் கத்தோலிக்கரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், தம் ஆட்சிக்காலத்தில் மற்றவர்கள் செய்த காரியத்துக்காக. குண்டு வெடித்த காலையில் அவர் சிங்கப்பூரில் இருந்தார். 1983 யூலையில் ஆயர் விக்கிரமசிங்கவும் நாட்டில் இல்லை. அவருக்கு ஆட்சியும் இல்லை, காவல்துறையும் இல்லை. அவர் 'நாங்கள்' என்றார். இவர் 'மற்றவர்கள்' என்றார். பணத்தைத் தவணை தவணையாகக் கட்டினார்.