பழைய கணினியும் புதிய முறைமையும்

பழையதைக் காப்பதா, புதியதை ஏற்பதா என்னும் வினா கண்டி மலைநாட்டுக்குப் புதியதன்று. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டபோது, சுற்றிலுமிருந்த தோட்டங்கள் கோப்பியினால் வாழ்ந்துகொண்டிருந்தன. விளைகின்ற பயிர் இருக்க வேறொன்று எதற்கு என்று எண்ணுதல் அன்று இயல்பே. ஆயின் 1869இல் கோப்பி இலையிலே துருநோய் தோன்றியது; ஏறத்தாழ இருபது ஆண்டுகளுள் அத்தொழில் வீழ்ந்தது.

அதே வினா இன்று வீட்டு மேசைகளிலும் பாடசாலைக் கணினிக் கூடங்களிலும் எழுந்துள்ளது. கணினியின் உறுப்புகளையும் அதிற் செயற்படும் மென்பொருள்களையும் இணைத்து ஆளும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பர்; இயங்குதளம் எனவும் வழங்குவர். அவற்றுள் ஒன்றாகிய விண்டோஸ் 10 என்பதற்கு அளிக்கப்பட்டுவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகத்தோடு, பழைய கணினிகள் பலவற்றில் இல்லாத பாதுகாப்பு வசதிகளையும் வேண்டி நிற்கிறது. பழுதேதுமின்றி இயங்கும் கணினியை என்ன செய்வது? இதற்கு விடை கூறுமுன் சென்ற முப்பது ஆண்டுகளின் வரலாற்றை நோக்குதல் தகும்.

விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியவை வழங்கிய காலத்தில் ஈழத்துத் தமிழர் பெரும்பாலும் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களைக் கொண்டே கணினியில் தமிழ் எழுதினர். அம்முறையில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றியது கணினிக்கு ஆங்கிலமே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கடிதத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே எஞ்சும்.

இக்குறையைத் தீர்க்க வந்தது ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் வகுத்த அத்தரத்தில் தமிழ் 1991ஆம் ஆண்டிலும், சிங்களம் 1999ஆம் ஆண்டிலும் இடம்பெற்றன. எனினும் தரம் ஏட்டில் இருந்தாற் போதாது. பணிசெயல் முறைமையும் அதனை உணர்தல் வேண்டும். விண்டோஸ் வரிசையில் தமிழை இவ்வாறு உணர்ந்த முதற் பதிப்பு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிங்களமோ 2007இல் வந்த விஸ்டாவிலேதான் முறைமையின் உள்ளுறுப்பாயிற்று. ஆகவே இரு மொழிகளும் அருகருகே வழங்கும் கண்டி போன்ற நகரில், புதிய பதிப்புக்கு மாறுவதா என்ற ஒரே வினாவுக்குத் தமிழில் எழுதுவோர்க்கு ஒரு விடையும், சிங்களத்தில் எழுதுவோர்க்கு வேறொரு விடையும் பொருந்தின.

மாற்றத்துக்கு விலையும் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி 64 மெகாபைட் நினைவகத்திலும் இயங்க வல்லது. விஸ்டாவோ குறைந்தது 512 மெகாபைட் கேட்டது. அன்றியும், பாமினியில் எழுதிய பழைய ஆவணங்கள் புதிய முறைமையிலே தாமாக ஒருங்குறியாகிவிடுவதில்லை. அவற்றைத் தனியே மாற்றியாக வேண்டும்.

எக்ஸ்பிக்குரிய ஆதரவு 2014 ஏப்பிரல் 8இல் நின்றது. ஆதரவு நின்ற அன்றே கணினி நின்றுவிடாது. புதிதாய்க் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லாது போவதே ஆபத்து. 2017 மே மாதம் ‘வன்னாகிரை’ என்னும் கேட்டு நிரல் பல நாடுகளின் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதிற் சிக்கியவற்றுட் பெரும்பாலானவை மிகப் பழைய எக்ஸ்பி கணினிகளல்ல. விண்டோஸ் 7 கணினிகளே. அவற்றுக்கான திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தும் நிறுவப்படவில்லை. எனவே முதுமையினும் கவனமின்மையே பெருங்கேடு விளைத்தது எனலாம்.

புதியது வாங்குதல், பழையதிலேயே இருத்தல் என்னும் இரண்டினுக்கும் இடையே மூன்றாவது வழியும் உண்டு. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது; அதன் பதிப்புகளுட் சில சிறிய நினைவகத்திலும் இயங்குவன. பேராதனைப் பல்கலைக்கழகத்தை நோக்கி நிற்கும் ஹந்தானை மலையின் பெயரையே தாங்கி, ஃபெடோரா லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ‘ஹந்தானை லினக்ஸ்’ இலங்கையில் உருவாக்கப்பட்டது. ஆயினும் லினக்ஸும் காலவரையறைக்கு உட்பட்டதே. ஃபெடோராவின் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆதரவு. விண்டோஸுக்கென்று எழுதிய மென்பொருள்கள் பலவும் அங்கு நேரே இயங்கா.

ஆதலின் முடிவு செய்வோர் முதலில் அக்கணினியின் பணி யாது என ஆராய்தல் வேண்டும். இணையத்தோடு தொடர்பின்றிக் கடிதமும் வினாத்தாளும் அச்சிடுவதற்கு மட்டும் பயன்படுமாயின் பழைய முறைமை இன்னுஞ் சில காலம் உதவும். வங்கிக் கணக்கும் மாணவர் விபரமும் அதன்வழிச் செல்லுமாயின் மாற்றத்தைத் தள்ளிப்போடல் ஆகாது. எவ்வழியாயினும், மாற்றுமுன் ஆவணங்கள் அனைத்தையும் வேறிடத்திற் படியெடுத்து, அவை திறக்கின்றனவா எனச் சோதித்தல் இன்றியமையாதது.

ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை தன் தொழில் ஓய்ந்த பின்னரும் இடிக்கப்படவில்லை. 2001இல் அது தேயிலை நூதனசாலையாயிற்று. பழைய இயந்திரங்களை இன்றும் அங்கே காணலாம். அக்கட்டடத்துக்கு வேறொரு பணி கிடைத்தது போலவே, கூடத்துப் பழைய கணினிக்கும் அதன் வலிமைக்கேற்ற பணியொன்றைத் தேடிக் கொடுத்தல் கூடும்.