மில்வோக்கியில் தருமமும் வரிப்பணமும்

ஐக்கிய அமெரிக்காவின் நகர்ப்புறக் கத்தோலிக்கப் பாடசாலைகள் ஏழைப் பிள்ளைகளுக்கு மலிவாகக் கல்வியளித்தமைக்கு, சொற்ப உதவிப்பணத்துடன் கற்பித்த கன்னியரின் உழைப்பே பிரதான காரணமாகும். (இவ்வுழைப்பைப் பலர் தருமமென எண்ணிப் பார்ப்பதில்லை!) 1965இன் பின் கன்னியர் தொகை குறைந்தது, சம்பளம் பெறும் ஆசிரியர் வந்தனர், கட்டணம் உயர்ந்தது. வெள்ளையர் புறநகர்களுக்குப் பெயர்ந்த பின் உள்நகரில் எஞ்சிய வறியோரால் அதனைச் செலுத்த இயலவில்லை.

இவ்விடைவெளியில் அறநிதியங்கள் புகுந்தன. விஸ்கொன்சின் மாநிலத்து மில்வோக்கி நகரில், அலன்-பிராட்லி கம்பனி 1985இல் விற்கப்பட்டதாற் பெருஞ்செல்வம் பெற்ற பிராட்லி நிதியம், 1992இல் தோன்றிய ‘பேவ்’ அமைப்புக்குப் பெருநிதி வழங்கியது. அவ்வமைப்பு சமயப் பாடசாலைகளிற் பயின்ற வறிய மாணவரின் கட்டணத்தில் அரைப்பங்குவரை செலுத்தியது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் சமயச் சார்பற்ற தனியார் பாடசாலைகளுக்கே அரச உதவியை அனுமதித்திருந்தது. 1995இல் அது சமயப் பாடசாலைகளுக்கும் விரிக்கப்பட்டபோது நீதிமன்று தடைவிதித்தது. இடைக்காலச் செலவை நன்கொடையாளர் ஏற்றனர். 1998இல் மாநில உச்ச நீதிமன்று சட்டத்தை ஏற்றதும் சுமை அரச திறைசேரிக்கு மாறிற்று. ஆகவே இத்தருமம் பொதுப்பணத்துக்கு வழிதிறந்த முன்பணமாகவும் அமைந்ததென நாம் கருதுகிறோம்.

1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் போராடிய கறுப்பினச் சட்டசபை உறுப்பினர் பொலி வில்லியம்ஸ், 2011இல் வருமான எல்லையைத் தளர்த்தி வசதியுள்ளோரையும் சேர்க்க முனைந்தபோது அதனை வெளிப்படையாக எதிர்த்தார்.