மதுரைக் கோயிலும் ராஜாஜியின் பத்தியும்

மரபைப் பேணுபவர் என்றாலே மாற்றத்துக்குக் கதவடைப்பவர் என்று நாம் பொருள்கொண்டுவிடுகிறோம். மதுரை வேறொன்றைச் சொல்கிறது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தினரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். சனாதனிகள் வெகுண்டனர். சென்னை மாகாணப் பிரதமராயிருந்த ராஜாஜியின் அரசு, சட்டம் கொண்டுவந்து அந்நுழைவுக்குக் காப்பளித்தது.

அதே ராஜாஜிதான் பின்னாளில், 1956இல் தொடங்கிய 'ஸ்வராஜ்யா' ஆங்கில வார இதழில், அரசியலையும் அன்றாடச் செய்திகளையும் பற்றிச் சிறுகுறிப்புகள் எழுதிவந்தார். காங்கிரசின் நாகபுரித் தீர்மானம் கூட்டுறவுப் பண்ணையை முன்வைத்த 1959ஆம் ஆண்டிலேயே சுதந்திராக் கட்சியைக் கண்டார். 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்ற அவரது சொல்லாட்சி இன்றும் புழங்குகிறது.

இவை முரணல்ல என்றே கருதுகிறோம். கோயில் வாசலில் பிறப்பு இட்ட தடையையும், வயலிலும் ஆலையிலும் அரசு இட்ட தடையையும் அவர் ஒருசேர எதிர்த்தார். முரண் வேறிடத்தில் இருக்கிறது. 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளிநேரத்தைக் குறைத்துப் பிள்ளைகளைப் பெற்றோரின் தொழிலுக்கு அனுப்பியது. 'குலக்கல்வி' என்ற கண்டனம் வலுக்க, 1954இல் பதவி விலகினார். மதுரையில் அவர் ஏற்க மறுத்த பிறப்பின் தடை, பள்ளி வழியே திரும்பி வந்தது. மரபில் எதைக் காப்பது என்பதைவிட எதைக் கைவிடுவது என்பதே கடினமான கேள்வி.