ஆலைச் சங்கும் தொழிலாளர் சங்கமும்

மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ஆம் ஆண்டில் இத்திருநாளை ஏற்படுத்தியபோது, உலகத் தொழிலாளர் ஏற்கெனவே கொண்டாடி வந்த நாளையே அதற்குத் தேர்ந்துகொண்டார். எமது பங்கில் அன்று காலைத் திருப்பலிக்குக் கொத்தனாரும் தச்சரும் தம் கருவிகளைக் கொண்டுவந்து பீடத்தின்முன் வைத்து மந்திரித்துச் செல்வது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகையதொரு காலையில், சித்தாள் வேலை செய்யும் பெண் ஒருவர் பூசை முடிந்ததும் என்னிடம் வந்து தயங்கி நின்றார்.

"சாமி, கட்டட வேலைக்காரங்க சங்கத்துல சேரச் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரரு வேணாங்கிறாரு. எங்க மாமனாரு மில்லுல இருந்தவரு. சங்கம் சங்கம்னு போயித்தான் மில்லே மூடிப்போச்சாம். நான் சேரலாமா, வேணாமா சாமி?"

உழைப்பின் மேன்மையைப் பற்றி அரைமணி நேரம் மறையுரை ஆற்றி முடித்திருந்த நான், "யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். குருமடத்தில் திருச்சபையின் சமூகப் போதனையைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். ஆயினும் அவர் கேட்ட நேரான கேள்விக்கு என்னிடம் நேரான விடை இல்லை. அதைத் தேடி வரலாற்றைப் புரட்டியபோது கண்டவற்றையே இங்கே வாசகரோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பெரம்பூரின் அரைமணி நேரம்

தொழிற்சங்கத்தின் நன்மையையும் தீமையையும் அறிய வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னைப் பெரம்பூரில் பின்னி நிறுவனத்தாரின் நிர்வாகத்தில் பக்கிங்காம், கர்நாட்டிக் என்னும் இரு பஞ்சாலைகள் இருந்தன. ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை செய்தனர். விடியற்காலையில் ஆலைச் சங்கு ஊதினால் வடசென்னையே விழித்துக்கொள்ளும். நண்பகலில் உண்பதற்கு விடப்பட்ட இடைவேளை அரைமணி நேரமே. அதற்குள் கூட்டத்தைக் கடந்து வெளியே வந்து, கை கழுவி, உண்டு, மீண்டும் பொறியருகே நிற்க வேண்டும். கூலியோ குறைவு. முதல் உலகப் போரினால் அரிசி விலை ஏறியிருந்தது. மேற்பார்வையாளரின் வசவும் அடியும் அன்றாட நிகழ்ச்சிகள்.

ஆலையின் அருகே வணிகம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் தம் கடைக்கு வரும் தொழிலாளரின் துயரங்களைக் கேட்டு மனம் உருகினர். இருவரும் பக்திச் சபை ஒன்றை நடத்திவந்தவர்கள். அச்சபையின் கூட்டங்களே தொழிலாளரின் கூட்டங்களாயின. அவர்கள் அன்னி பெசண்டு அம்மையாரின் துணைவரான பி. பி. வாடியாவை நாடினர். 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவரானார். தமிழ்த் தென்றல் திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவர்களுள் ஒருவரானார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

இச்சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று எது தெரியுமா? உணவு இடைவேளையைச் சற்று நீட்டித் தர வேண்டும் என்பது. புரட்சி வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. கொண்டுவந்த கஞ்சியை விக்கல் எடுக்காமல் குடிக்க அவகாசம் கேட்டார்கள். தனியொருவன் இதைக் கேட்டிருந்தால் மறுநாள் அவனுக்கு ஆலைக் கதவு திறந்திராது. பல்லாயிரம் பேர் ஒன்றாய்க் கேட்டதால் நிர்வாகம் செவிசாய்க்க வேண்டியதாயிற்று. சங்கத்தின் முதல் நன்மையை இங்கே காண்கிறோம். உரிமையாளன் தன் செல்வத்தோடு தனித்து நிற்க முடியும். தொழிலாளனிடம் இருப்பது அடுத்த வேளைச் சோற்றுக்கான இரு கைகளே. அவனது தனிமைதான் அவனது பெரும் வறுமை. அத்தனிமையைச் சங்கம் நீக்கியது.

தடையும் சட்டமும்

இதனை நிர்வாகமும் நன்கு உணர்ந்திருந்தது. 1920-ஆம் ஆண்டின் இறுதியில் ஆலைகளில் சச்சரவு முற்றியபோது, பின்னி நிறுவனத்தார் வாடியா முதலிய சங்கத் தலைவர்கள்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டித் தமக்கு நட்டம் விளைவித்தனர் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. இறுதியில் வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகுவது என்ற உடன்பாட்டின் பேரில் வழக்கு முடிவுக்கு வந்தது.

இதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1891-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். கூடி வாழ்வதும் கூட்டமைப்புகள் அமைப்பதும் மனிதனின் இயற்கை உரிமை. அதைப் பாதுகாக்க வேண்டிய அரசு அதைத் தடை செய்தல் தகாது என்பது அம்மடலின் போதனை. வேலை நிறுத்தத்தால் இருதரப்பாரும் பொதுமக்களும் துன்புறுவர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. எனினும், நிறுத்தத்துக்குக் காரணமான நீண்ட வேலை நேரத்தையும் குறைந்த கூலியையும் முன்கூட்டியே களைவதே உரிய வழி என்றார்.

சென்னை வழக்கு நாடெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கிற்று. 1921-இல் மத்திய சட்டப்பேரவையில் என். எம். ஜோஷி, தொழிற்சங்கங்களைப் பதிவு செய்து காக்க ஒரு சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொணர்ந்தார். 1926-இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. வாடியாவுக்கு நேர்ந்தது இனி எந்தச் சங்கத் தலைவருக்கும் நேராதபடி, தொழிற்தகராறு தொடர்பான நடவடிக்கைகளுக்காகச் சங்கங்கள்மீது இத்தகைய வழக்குத் தொடுப்பதற்கு அது தடை விதித்தது. விடுதலைக்குப்பின் 1948-இல் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை உறுதி செய்தது. அரசு ஈட்டுறுதி மருத்துவம், வருங்கால வைப்புநிதி, மகப்பேற்று விடுப்பு, போனசு, பணிக்கொடை என ஒவ்வொன்றாய்ச் சட்டங்கள் தொடர்ந்தன. இன்று அலுவலகத்தில் வேலை செய்யும் நம் மக்கள் மாதச் சம்பளச் சீட்டில் காணும் பலவும் இவ்வாறு வந்தவையே.

புளியந்தோப்பின் தீ

இத்துடன் நிறுத்திக்கொண்டால் வரலாற்றின் பாதியை மட்டுமே சொன்னவன் ஆவேன்.

1921-ஆம் ஆண்டு கோடையில் அதே ஆலைகளில் மீண்டும் வேலை நிறுத்தம் எழுந்தது. அக்டோபர் வரை மாதக்கணக்கில் அது நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் இம்முறை அதில் சேரவில்லை, ஆலைக்குச் சென்றனர். அவர்கள் ஏன் சென்றார்கள்? முந்தைய கதவடைப்புகளிலும் நிறுத்தங்களிலும் பட்ட கடன் அவர்களை நெரித்துக்கொண்டிருந்தது. ஊரில் நிலமில்லை, உறவினரிடம் இருப்பில்லை. கிராமத்துக்குத் திரும்பினால் பண்ணையடிமை வாழ்வே காத்திருந்தது. சாதி பாராமல் கூலி கிடைத்த வெகுசில இடங்களுள் ஆலையும் ஒன்று. சங்கத்தின் தலைமையில் இருந்தோரோ பிற சாதியார். ஆதிதிராவிட மக்களின் தலைவர் எம். சி. ராஜாவும் அவர்கள் நிறுத்தத்தில் சேர வேண்டாம் என்றே கருதினார்.

வேலைக்குச் சென்றவர்களைச் சக தொழிலாளர் பகைவராக நோக்கினர். ஆலைத் தகராறு சாதிக் கலவரமாய் மாறிற்று. ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்புச் சேரியில் குடிசைகள் எரிந்தன. வீடிழந்தோர் அரசு அமைத்த முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். ஆகஸ்ட் 29-ஆம் நாள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். இறுதியில் நிறுத்தம் தோல்வியில் முடிந்தது. சங்கம் பல்லாண்டுகள் தலைதூக்க முடியாதபடி நலிந்தது.

இவ்வரலாற்றை எழுதுவோர் சிலர் நிர்வாகத்தின் சூழ்ச்சியைச் சொல்வர். சிலர் அரசின் பாரபட்சத்தைச் சொல்வர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் என்னை வருத்துவது வேறொன்று. ஒரே பொறியின் இருபுறமும் நின்று நூல் நூற்றவர்களிடையே எரிக்கும் அளவுக்குப் பகை எங்கிருந்து வந்தது? அதை எந்த முதலாளியும் கப்பலில் கொண்டுவந்து இறக்கவில்லை. அது ஊரிலிருந்தும் சேரியிலிருந்தும் அவர்களோடு நடந்து வந்தது. ஆலைக் கதவுக்குள் 'நாம்' என்று சொன்ன சங்கம், மாலையில் வீடு திரும்பும் வழியில் அச்சொல்லை மறந்துவிட்டது. கோயிலிலும் கல்லறையிலும் சாதிச் சுவர் எழுப்பிய நம் கத்தோலிக்கப் பங்குகள் சிலவற்றின் வரலாற்றை அறிந்தவன் நான். ஆகவே அச்சங்கத்தின்மீது கல்லெறிய என் கை எழவில்லை.

வெண்மணியின் இரவு

சங்கம் சேரியை நாடிச் சென்ற இடம் ஒன்றும் தமிழகத்தில் உண்டு. அது கீழத்தஞ்சை. பண்ணையாட்களைச் சவுக்கால் அடிப்பதும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கச் செய்வதும் அங்கே தண்டனைகளாய் வழங்கின. கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் போன்றோர் 1940-களில் சேரிகளிலேயே தங்கி, அம்மக்களோடு உண்டு, விவசாயிகள் சங்கத்தைக் கட்டினர். சங்கத்தின் வலிமையால் அத்தண்டனைகள் ஒழிந்தன. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அதற்கு ஏழைகள் கொடுத்த விலையும் பெரிது. 1968-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளான டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாக இன்னும் சிறிது நெல் கேட்டதும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். நில உடைமையாளருக்கும் நெல் உற்பத்தியாளர் சங்கம் ஒன்று இருந்தது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். செல்வர் கூடினால் அது வணிகம். ஏழையர் கூடினால் அது கலகம் என்று உலகம் பெயரிடுகிறது. கீழ்நீதிமன்றம் தண்டித்த நில உடைமையாளர்களை உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டில் விடுதலை செய்தது.

புளியந்தோப்பில் சங்கத்துக்கு வெளியே நின்றதால் சேரி எரிந்தது. வெண்மணியில் சங்கத்துக்குள் நின்றதால் சேரி எரிந்தது. இரண்டிலும் எரிந்தது ஏழையின் குடிசைதான்.

சங்கம் வழிதவறும்போது

சித்தாள் பெண்ணின் கணவர் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. 1982-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் பம்பாய்ப் பஞ்சாலைகளில் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். சட்டம் அங்கீகரித்த சங்கத்தின்மீது தொழிலாளருக்கு நம்பிக்கை இல்லை. நம்பிய தலைவரோடு பேச அரசுக்கு மனமில்லை. ஓராண்டுக்கு மேலாகியும் தீர்வு வரவில்லை. அந்நிறுத்தம் முறைப்படி முடிக்கப்படவே இல்லை. இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். முடிக்கும் வழியைக் காணாமல் தொடங்கிய போராட்டம் தொழிலாளனையே தின்றுவிடும் என்பதற்கு இது சான்று. கேரளத்தில், இறக்காத சுமைக்கு வெறுமனே பார்த்து நின்று வாங்கிய 'நோக்குக் கூலி'யை 2018-இல் அரசே தடைசெய்ய நேர்ந்தது. ஒரே ஆலையில் கட்சிக்கொரு சங்கம் அமைந்து, தொழிலாளரின் குறையைவிடக் கட்சியின் வெற்றியே பெரிதாய்ப் போவதையும் நாம் கண்டிருக்கிறோம்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் எழுதிய உழைப்பு பற்றிய சுற்றுமடலில், தொழிற்சங்கங்கள் இன்றைய சமுதாயத்துக்கு இன்றியமையாதவை என்று உறுதிபடக் கூறுகிறார். அவை ஒரு குழுவின் தன்னலமாகவோ அரசியல் கட்சிகளின் கைக்கருவியாகவோ ஆகிவிடலாகாது என்றும் எச்சரிக்கிறார்.

பெரம்பூர் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. பழைய பொறிகள், விசைத்தறியின் போட்டி, நிர்வாகத்தின் முடிவுகள், ஓயாத தகராறுகள் எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. பழி முழுவதையும் சங்கத்தின் தலையில் ஏற்றுவது நேர்மையன்று. சங்கத்துக்கு அதில் பங்கே இல்லை என்பதும் நேர்மையன்று.

தாமதமாக ஒரு விடை

இந்நாட்டு உழைப்பாளருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் அமைப்புசாராத் தொழிலாளர். சித்தாள், வீட்டு வேலைக்காரர், தையற்காரர், மீனவர் என நம் பங்குகளில் முழங்கால் படியிடும் பெரும்பாலோர் இவர்களே. ஆலைச் சங்கங்கள் நெடுங்காலம் இவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. தமிழகத்தில் கட்டடத் தொழிலாளர் தாமே சங்கமாய்த் திரண்டு, பல்லாண்டுகள் போராடிய பின்னரே 1994-இல் அவர்களுக்கென நலவாரியம் அமைந்தது.

சில வாரங்களுக்குப்பின் அப்பெண்ணை நற்கருணை ஆசீருக்குப் பிறகு கண்டேன். "சேருங்கள் அம்மா. ஆனால் சந்தா கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். கூட்டத்துக்குப் போங்கள், கணக்குக் கேளுங்கள். உங்களைவிடக் கீழே இருப்பவரை அவர்கள் சேர்த்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள்" என்றேன்.

அவர் சிரித்தார். "போன வாரமே சேர்ந்துட்டேன் சாமி. கூட்டம் ஞாயித்துக்கிழமை காலையில வெக்கிறாங்க, பூசை நேரம். அதான் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்."

இப்பொழுது எமது பங்கில் அவர்களுக்காக ஞாயிறு மாலையிலும் ஒரு திருப்பலி நடைபெறுகிறது.