தரவுப் பரிமாற்ற வேகம்: அலகு மாற்றம்

தரவுப் பரிமாற்ற வேகம் என்பது ஓர் இணைப்பின் வழியே ஒரு செக்கனில் கடந்துபோகும் தரவின் அளவு. இணைய இணைப்பை விற்பவர்கள் அதைப் பிற்றுகளில் (தமிழக வழக்கில் பிட்) சொல்கிறார்கள். கணினியும் கைத்தொலைபேசியும் கோப்பின் அளவைப் பைற்றுகளில் (பைட்) காட்டுகின்றன. 8 பிற்று 1 பைற்று. குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த எட்டில்தான் பிறக்கின்றன. ஆங்கிலக் குறியீட்டில் சிறிய எழுத்து பிற்றுக்கும் பெரிய எழுத்து பைற்றுக்கும் உரியது; தமிழ் எழுத்தில் இரண்டும் 'எம்.பி.' ஆகிவிடும். '100 எம்.பி. வேகம்' என்று வாங்கியவர் பதிவிறக்கம் 12-ஐத் தாண்டாததைக் கண்டு கடுப்பாவது அதனால்தான். கணக்கில் பிசகில்லை: 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5.

பைற்று என்ற பெயரை 1956-இல் ஐபிஎம் பொறியாளர் வெர்னர் புக்ஹோல்ஸ் சூட்டினார். அப்போது அதற்கு நிலையான நீளம் கிடையாது. 1964-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 கணினிகளுக்குப் பிறகே எட்டு என்பது ஊன்றிக்கொண்டது. கம்பியில் சமிக்ஞைகளை ஒவ்வொன்றாக அனுப்பிப் பழகிய தொலைத்தொடர்புத் துறையோ பிற்றை விடவில்லை.

இந்த அலகு மாற்றத்துக்கு மட்டக்களப்பு வாவியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கல்லடிப் பாலத்தடியில் நிலவுக் காலத்தில் கேட்பதாகப் பேர்பெற்ற 'பாடும் மீன்' ஒலியைப் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் 1848-இல் படகேறிச் சென்று கேட்டு, தம் இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். பாடுவது மீனா ஊரி என்னும் நத்தையினமா என்ற வழக்கு இருக்கட்டும். நீருக்குள் ஓர் ஒலிவாங்கியை இறக்கி, இசை இறுவட்டுத் (சி.டி.) தரத்தில் ஒற்றைத் தடமாகப் பதிந்தால் செக்கனுக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிற்று. மொத்தம் 7,05,600 பிற்று, அதாவது 88,200 பைற்று. பத்து நிமிடப் பதிவு 52.92 மெகாபைற்று. அதை அனுப்ப 8-ஆல் பெருக்க வேண்டும்: 423.36 மெகாபிற்று. பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 10 மெகாபிற்று) என்றால் சுமார் 42 செக்கன், 2 எம்பிபிஎஸ் என்றால் மூன்றரை நிமிடம். வீட்டு இணைப்புகள் பலவற்றில் பதிவேற்றம் பதிவிறக்கத்தைவிட மெதுவானது; விளம்பரத்தில் பெரிதாக நிற்பது பதிவிறக்க வேகம்.

இதே கோப்பை விண்டோஸ் சுமார் 50.5 எம்.பி. என்று காட்டும். அது 1,000-க்குப் பதில் 1,024-ஆல் வகுக்கிறது. இந்த இரட்டை வழக்கைத் தீர்க்கச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு 1998-இல் கிபி, மெபி, கிபி என்று ஒலிக்கும் தனி முன்னொட்டுகளை ஏற்றது (முதலாவது கிலோவுக்கு, கடைசி கிகாவுக்கு). கடைத்தெரு அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. வேறுபாடு கிலோவில் 2.4 வீதம், மெகாவில் 4.9, கிகாவில் 7.4. வலையமைப்பு வேகத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே கிலோ என்றால் 1,000 தான். 1 ஜிபிபிஎஸ் (ஒரு கிகாபிற்று) என்பது செக்கனுக்கு 125 மெகாபைற்று.

அலகு சரியாக இருந்தும் சிறிது குறையும். ஈதர்நெட் வழியே 1,460 பைற்று உள்ளடக்கத்தை அனுப்பினால், முகவரி முதலான சுமையோடு அது கம்பியில் 1,538 பைற்று இடம் பிடிக்கிறது. ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கைக்கு வருவது செக்கனுக்கு அதிகபட்சம் 11.9 மெகாபைற்று.

விலைக்கு வாங்கும் தரவுப் பொதியில் குறிக்கும் 'ஜிபி' வேகமல்ல, கொள்ளளவு. அது தீர்ந்ததும் வேகத்தை 64 கேபிபிஎஸ் ஆகக் குறைத்தால் செக்கனுக்குக் கிடைப்பது 8 கிலோபைற்று. மேற்சொன்ன வாவிப் பதிவை அனுப்ப 1 மணி 50 நிமிடம் ஆகும்.

1 டெராபைற்று வன்தட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொழும்பில் மட்டக்களப்புக்குச் செல்லும் உதயதேவி ரயில் ஏறினால்? பயணம் ஒன்பது மணி நேரம் என்று கொண்டால் 8 லட்சம் கோடி பிற்றை 32,400 செக்கனால் வகுக்க வேண்டும்: ஏறத்தாழ 247 எம்பிபிஎஸ். பல வீட்டு இணைப்புகளை ரயில் வென்றுவிடுகிறது. ஆனால் முதல் பிற்று வந்துசேரவும் அதே ஒன்பது மணி நேரம் வேண்டும். ஃபைபரில் ஒளி 300 கிலோமீற்றரை ஏறக்குறைய 1.5 மில்லிசெக்கனில் கடக்கும். இந்தத் தாமதம் தனி அளவை. எந்த வாய்பாட்டாலும் அதை எம்பிபிஎஸ் ஆக மாற்ற முடியாது.