மலை எப்போது சரியும்னு கணக்கு போட முடியுமா? நிலச்சரிவு எச்சரிக்கைக்குப் பின்னால் இருக்கும் கணிதம்

நீலகிரியில் கனமழை என்றாலே கூடவே 'நிலச்சரிவு அபாயம்' என்ற எச்சரிக்கையும் வந்துவிடுகிறது. மழை வருவதை வானிலை மையம் சொல்லிவிடும். மண் சரியும் என்பதை எப்படிச் சொல்கிறார்கள்?

அடிப்படையில் இது ஒரு வகுத்தல் கணக்குதான். மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் விசையை, அதைக் கீழே இழுக்கும் விசையால் வகுக்க வேண்டும். வரும் எண்ணுக்குப் பெயர் 'பாதுகாப்புக் காரணி'. 1-க்கு மேல் என்றால் மண் நிற்கும். கீழே போனால் சரியும்.

மழை என்ன செய்கிறது?

நனைந்த மண்ணின் கனம் மட்டும் காரணம் இல்லை. மண் துகள்களுக்கு நடுவே நிறையும் நீர், ஒன்றை ஒன்று அழுத்தவிடாமல் தள்ளுகிறது. உராய்வு குறைந்து பிடி தளர்ந்துவிடும்.

ஒரு உதாரணம். 30 டிகிரி சாய்வு, பாறை மேல் 2 மீட்டர் மண். கன மீட்டருக்கு எடை 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 32 டிகிரி, ஒட்டுந்தன்மை 5 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்திருக்கும்போது காரணி 1.4. பாதி ஆழத்துக்கு நீர் ஏறினால் 1.1. முழுக்க நிறைந்தால் 0.8.

அப்புறம் ஏன் துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை?

ஒட்டுந்தன்மையை 5-க்குப் பதில் 2 என்று போட்டுப் பாருங்கள். பாதி நீரிலேயே காரணி 0.9 ஆகிவிடும். மர வேர்கள் தரும் பிடியும் இதில்தான் சேரும். மரத்தை வெட்டினால் சில ஆண்டுகளில் வேர் மக்கி அந்தப் பிடி போய்விடும். ஒரு மலை முழுக்க ஒவ்வொரு இடத்திலும் இதை அளக்கவே முடியாது. அதனால் மதிப்புகளை மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான முறை கணினியில் ஓட்டி, சரிய எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கிறார்கள்.

இன்னொரு வழி, மழை அளவை மட்டும் வைத்து எல்லை வகுப்பது. உலகின் பல இடங்களில் நடந்த சரிவுகளை வைத்து 1980-ல் நெல் கெய்ன் தந்த சூத்திரப்படி, 24 மணி நேரத்தில் சுமார் 100 மி.மீ. மழையே ஆபத்து எல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பருவமழைக் காலத்தில் 100 மி.மீ. சாதாரணம். அதையே பின்பற்றினால் அடிக்கடி வீண் எச்சரிக்கை வரும், மக்களும் வீட்டை விட்டு நகர மாட்டார்கள். ஒவ்வொரு மலைக்கும் தனி எல்லை தேவை என்பது இதனால்தான்.

இந்தியாவில்?

இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையம் 2024 ஜூலை 19-ல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. முதலில் எடுத்துக்கொண்ட மூன்று மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. மற்றவை டார்ஜிலிங், கலிம்போங்.

பதினொரு நாள் கழித்து, ஜூலை 30 அதிகாலையில் வயநாடு சரிந்தது. அந்தச் சரிவு, பாதுகாப்புக் காரணி சொல்லாத ஒன்றையும் காட்டியது. மண் எங்கே உடையும் என்பதைத்தான் அந்த எண் சொல்லும், உடைந்தது எங்கே போய் நிற்கும் என்பதை அல்ல. சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் உடைந்த மண்ணும் பாறையும் ஆற்று வழியே சுமார் 8 கிலோமீட்டர் ஓடி முண்டக்கை, சூரல்மலையை அடித்துச் சென்றன. ஆற்றோரம் சமதளத்தில் இருந்த வீட்டுக்கு, அதன் பக்கத்துச் சரிவின் காரணி எவ்வளவு நல்ல எண்ணாக இருந்தாலும் பயனில்லை. சேறும் பாறையும் ஓடும் பாதையைக் கணிக்க வேறு மாதிரிகள் இருக்கின்றன. அவற்றுக்கு, எவ்வளவு மண் உடையும் என்பதை முன்கூட்டியே ஊகித்துக் கொடுத்தாக வேண்டும்.