பெண்கள் கட்சியிலிருந்து பொது மேடைக்கு: பெங்களூர் நாகரத்தினம்மாளின் சபைப்பணி

ஓசூர் தமிழ்நாட்டின் எல்லை நகர். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் பல மாநிலத்தார் குடியேறும் ஊருமாயிற்று. இசையைப் பொறுத்தவரை இந்த எல்லைக்கோடு என்றுமே அவ்வளவு அழுத்தமாக விழுந்ததில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் தலைமுறை தலைமுறையாக வீட்டுமொழிகளாக வழங்கிவரும் இவ்வட்டாரத்தில், காவிரிக்கரையில் வாழ்ந்து தெலுங்கில் பாடிய தியாகராஜரின் கீர்த்தனைகள் அயலாருடைய பாட்டாக ஒலிப்பதில்லை. மைசூர் நாட்டில் பிறந்து, பெங்களூரில் பயின்று, சென்னையில் புகழ்பெற்று, தம் செல்வத்தைத் திருவையாற்றுக்கு அளித்த பெங்களூர் நாகரத்தினம்மாளை (1878–1952) ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியினர் தம்மவராக உரிமை கொண்டாடலாம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த அதே ஆண்டில், அவருக்கு ஐந்து வாரம் முன்னதாக, நவம்பர் 3ஆம் நாள் நஞ்சன்கூட்டில் இவர் பிறந்தார்.

ஆடலையும் பாடலையும் குலத்தொழிலாகக் கொண்டு, கோயிலுக்கும் அரசவைக்கும் பணிசெய்த பெண்டிரைத் தேவதாசியர் என்பர். அம்மரபில் வந்த புட்டலட்சுமியே இவருடைய தாய். இளமையிலேயே தாயை இழந்த நாகரத்தினம்மாள், வடமொழியும் இசையும் நடனமும் முறையாகக் கற்று, தியாகராஜரின் சீடர்வழியில் வந்த முனுசாமியப்பாவிடம் கீர்த்தனைப் பயிற்சி பெற்றார். பின்னர் சென்னையில் குடியேறி, கச்சேரிகளாலும் இசைத்தட்டுகளாலும் பெரும்பொருள் ஈட்டினார். தஞ்சை அவைக்களத்துப் பெண்கவிஞர் முத்துப்பழனி இயற்றிய ‘ராதிகா சாந்த்வனமு’ என்னும் தெலுங்குக் காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்ததும் இக்காலத்தில்தான். ஆபாசம் என்று குற்றஞ்சாட்டி அரசு அந்நூலைத் தடைசெய்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில்தான் தடை நீங்கியது. ஆண் புலவர்கள் பாடினால் சிருங்காரம், பெண் பாடினால் இழுக்கு என்னும் இரட்டை அளவுகோலை அவர் துணிந்து கேள்விக்கு உட்படுத்தியதை, அவருடைய பிற்காலச் சபைப்பணிக்குத் தோற்றுவாயாகவே கொள்ளவேண்டும்.

தியாகராஜர் 1847 சனவரியில் மறைந்தார். துறவியை அடக்கம் செய்த இடமாகிய, திருவையாற்றிலுள்ள அவருடைய சமாதி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடந்தது. இச்செய்தி எட்டியதும் நாகரத்தினம்மாள் சொந்தப் பொருளைச் செலவிட்டு 1921இல் திருப்பணியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அங்கே ஒரு கோயில் எழுந்தது. எனினும், கோயிலைக் கட்டிய அவரால் அங்கு நடந்த ஆராதனையில், அதாவது தியாகராஜர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமித் திதியை ஒட்டி இசைவாணர்கள் கூடிப் பாடிச் செலுத்தும் ஆண்டு வழிபாட்டில், பாட முடியவில்லை. தில்லைஸ்தானம் உடன்பிறந்தாரான நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் ஆகிய இருவரின் வேறுபாட்டிலிருந்து கிளைத்த பெரிய கட்சி, சின்ன கட்சி என்னும் இரு குழுக்கள் ஆராதனையைத் தனித்தனியே நடத்திவந்தன. எத்தனையோ செய்திகளில் மாறுபட்டிருந்த அவ்விரண்டும், பெண்களுக்குக் கச்சேரி மேடை இல்லை என்பதில் மட்டும் ஒன்றுபட்டிருந்தன.

இங்குதான் நாகரத்தினம்மாளின் தனித்திறன் வெளிப்பட்டது. நன்கொடையாளர் என்னும் மதிப்போடு ஒதுங்கியிருக்க அவர் உடன்படவில்லை, வழக்காடுவதோடும் நின்றுவிடவில்லை. பாடும் பெண்களையெல்லாம் திரட்டி மூன்றாவதாகப் ‘பெண்கள் கட்சி’ ஒன்றை அமைத்து, 1920களின் பிற்பகுதியிலிருந்து அதே நாட்களில் சமாதிக் கோயிலின் பின்புறத்தில் ஆராதனையைத் தாமே நடத்தத் தொடங்கினார். கதையும் பாட்டும் விரவிய அரிகதை நிகழ்த்துவது பெரும்பாலும் ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட காலத்தில், பெண்கள் அங்கே அதையும் நிகழ்த்தினர். அக்காலத்துப் பெண் கலைஞருக்கு இசைத்தட்டு பெயரைத் தந்தது, செல்வர் ஆதரவு பொருளைத் தந்தது. ஆனால் கூடிப் பாடவும், கணக்கு வைக்கவும், விருந்தினரை வரவேற்கவும், முடிவெடுக்கவும் உரிய ஓர் அமைப்பு அவர்களிடம் இல்லை. அதை உருவாக்கியதே, கல்லால் எழுப்பிய கோயிலினும் அரிய செயல்.

தேவதாசி முறையைச் சட்டத்தால் ஒழிக்க, மருத்துவரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான முத்துலட்சுமி ரெட்டி முனைந்தபோது, சென்னைத் தேவதாசியர் சங்கத்தில் முன்னின்று நாகரத்தினம்மாள் எதிர்த்ததும் இதே கோணத்தில் நோக்கத்தக்கது. அம்முறைக்குள் பெண்கள் பட்ட துன்பம் மெய். முத்துலட்சுமியின் சீற்றம் நியாயமானது. ஆனால், தம் வாழ்வைப் பற்றிய சட்டத்தில் தம் குரலும் கேட்கப்படவேண்டும் என்ற கலைப்பெண்டிரின் முறையீட்டைப் பழமைப்பற்று என்று மட்டும் ஒதுக்குவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்ற இசைவாணர்களும், அரசு அலுவலராயிருந்த எஸ். ஒய். கிருஷ்ணசாமியும் மேற்கொண்ட முயற்சியால் 1940–41இல் மூன்று கட்சிகளும் ஒரே சபையாக இணைந்தன. பெண்கள் பொது மேடையில் பாடும் உரிமை நிலைபெற்றது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து கன ராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லாரும் ஒன்றாக அமர்ந்து பாடுவது திருவையாற்று ஆராதனையின் அடையாளமாக வளர்ந்ததும் இந்த இணைப்பின் பயனே. அங்கிருந்து அவ்வழக்கம் உலகெங்கும் பரவி, கச்சேரி செய்யும் வித்துவானோடு பயிற்சி பெறும் மாணவியும், மாலைநேர வகுப்புக்குச் செல்லும் இல்லத்தரசியும், பணிமுடித்து வரும் தொழிலாளியும் ஒரே வரிசையில் அமரும் வாய்ப்பை அளித்தது. புதிதாகக் குடியேறியோர் மிகுந்த ஒரு தொழில்நகரில், அண்டை வீட்டாரின் தாய்மொழி எதுவென்று அறியாதவரும் ஆரபியில் ஒருங்கே குரலெடுக்க முடிவது சிறிய பேறு அன்று.

இறுதி ஆண்டுகளைத் திருவையாற்றிலேயே கழித்த நாகரத்தினம்மாள் 1952 மே 19ஆம் நாள் காலமானார். ராஜாஜி மீண்டும் சென்னை மாநில முதலமைச்சராகி அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. தியாகராஜர் சமாதிக்கு எதிரே அதை நோக்கியவாறு நாகரத்தினம்மாளின் நினைவிடம் அமைந்துள்ளது. தம் உடைமைகளை அறக்கட்டளையாக எழுதிவைத்த விருப்பமுறியில், தேவதாசியர் உள்ளிட்ட பெண்கள் எவரும் அங்கு வழிபடவும் இசைத்தொண்டு புரியவும் தடை இருத்தலாகாது என்பதை அவர் ஒரு நிபந்தனையாகவே சேர்த்திருந்தார்.